பவர் பிஐ டெஸ்க்டாப்: பலகாரக் கடைக் கணக்கில் வைத்துப் பார்த்தது

பல இடத்துக் கணக்கைச் சேர்த்து, சுத்தம் செய்து, எண்ணும் படமுமாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினி கட்டாயம். கலர் கலரான படங்களுக்காக என்றால் வேண்டாம். கணக்கைச் சுத்தம் செய்யும் வேலைக்காக என்றால் தயங்காமல் எடுங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப்பைப் பற்றி அவசரமாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உட்கார்ந்து கேட்க நேரம் இருப்பவர்களுக்கு மீதி.

காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தப் பக்கம் இன்னும் கணக்கப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். நான் கணக்குப் பார்க்கும் இடங்களில் ஒன்று பலகாரக் கடை. காரைக்குடியில் அடுப்படியோடு சேர்ந்த பெரிய கடை, தேவகோட்டையில் ஒரு கவுண்ட்டர், மதுரையில் ஒரு கவுண்ட்டர். தேன்குழல், மனகோலம், கைமுறுக்கு, சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை என்று தினப்படி ஓடும் சரக்கு ஒரு பக்கம். கல்யாணம், சாந்தி, புதுமனை என்று வரும் ஆர்டர்கள் இன்னொரு பக்கம். முதலாளி ஒரு ஆச்சி. மூன்று இடத்திலும் பில் மெஷின் வேறு வேறு கம்பெனி, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு எக்ஸெல் கொடுக்கும். வரி, வங்கி எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில். ஆர்டர் மட்டும் தடித்த அட்டை போட்ட நோட்டில். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஆச்சி மகனின் ஆசை.

அதற்கு வெளியூரிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். பெயர் வேண்டாம். அவர் பவர் பிஐயில் ஒரு டாஷ்போர்டு, அதாவது எண்ணையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் அறிக்கை, கட்டிக் கொடுத்தார். கறுப்புப் பின்னணி, ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிற படம் இரண்டு, பக்கம் முழுக்க வட்டங்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எண் எங்கே தம்பி?" என்றார். எண் இருந்தது. ஆனால் டேலியில் இருக்கும் விற்பனையைவிட அதிகமாக இருந்தது. போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டால், "உங்கள் டேட்டா சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அப்புறம் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. அப்படித்தான் இந்த மென்பொருளோடு எனக்குப் பழக்கம்.

டாஷ்போர்டில் தொகை இடிக்கிறது என்றால் சூத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முறைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஒரு கவுண்ட்டர். படம் எதுவும் வேண்டாம், வெறும் டேபிள் ஒன்றைப் போட்டு பில் எண்ணையும் தொகையையும் மட்டும் இழுத்து விடுங்கள். பக்கத்தில் பில் புக்கை வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். எங்கே இடிக்கிறதோ அந்த ஒரு பில்லில் முழுக் கதையும் இருக்கும்.

எங்கள் கதை இது. ஒரு பில்லில் தேன்குழல் ஒரு கிலோ, அதிரசம் இருபது, மாவுருண்டை அரைக் கிலோ. பார்சல் கூலி 120 ரூபாய். கூலி என்பது பில்லுக்கு ஒரு தரம் போடுவது. பில் தலைப்பு ஒரு டேபிளிலும், பொருள் வரிகள் இன்னொரு டேபிளிலும் இருந்தன. கோப்பைக் கட்டியவர் இரண்டையும் 'மெர்ஜ்' செய்து ஒரே டேபிளாக்கிவிட்டார். மூன்று வரிக்கும் மூன்று 120 வந்து நின்றது. கூட்டினால் 360. ஒரு பில்லுக்கு 240 ரூபாய் காற்றில் வந்த வருமானம்! நாள் முழுக்க இப்படி ஏறினால் எங்கே போய் நிற்கும்? டேட்டாவில் ஒரு குறையும் இல்லை. சேர்க்கக் கூடாததைச் சேர்த்ததுதான் கோளாறு.

தீர்வு, இரண்டையும் பிரித்தே வைத்து உறவு மட்டும் கொடுப்பது. நடந்ததை எழுதும் டேபிள் தனி, பொருள் யாது, கவுண்ட்டர் எது, தேதி என்ன என்று சொல்லும் டேபிள்கள் தனி. சின்ன டேபிளிலிருந்து பெரிய டேபிளுக்கு ஒன்றுக்குப் பல என்ற உறவு. இதை 'ஸ்டார் ஸ்கீமா' என்று வீடியோக்களில் பெரிய வித்தையாகச் சொல்வார்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று நகரத்தார் கடை வைத்திருந்த காலத்துப் பெட்டியடியில் அன்றாட வரவு செலவுக்குக் குறிப்பு, ஆள்வாரியாகப் பேரேடு, கடைசியில் ஐந்தொகை என்று தனித்தனி ஏடு வைத்த மாதிரிதான் இதுவும். ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் கொட்ட எந்த மேலாளும் விட்டிருக்க மாட்டார்.

பவர் பிஐ இந்த ஒழுங்கைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது அதன் பலமா பலவீனமா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. ஒரே டேபிளாகக் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும், படமும் போட்டுத் தரும், தப்பான தொகையை அழகான எழுத்தில் காட்டும். எண்ணாகத் தெரிகிற எந்தப் பத்தியையும் தானாகவே கூட்டிவிடும் பழக்கம் வேறு. பில் எண்ணையே கூட்டிக் கோடிக்கணக்கில் காட்டும். அளவுப் பத்தியையும் அப்படித்தான்: தேன்குழல் கிலோவில், அதிரசம் எண்ணிக்கையில். இரண்டையும் கூட்டி வரும் தொகைக்கு என்ன பெயர் வைப்பது? பில் எண், வரிக் குறியீடு போன்ற பத்திகளுக்கெல்லாம் முதல் வேலையாக 'கூட்டாதே' என்று அமைத்துவிடுங்கள். அளவுக்கு அலகுவாரியாகத் தனித்தனி மெஷர், அதாவது நாமே எழுதும் கணக்குச் சூத்திரம், எழுதுங்கள்.

இனி பவர் கொயரி, அதாவது டேட்டாவை உள்ளே எடுத்துச் சுத்தம் செய்யும் பகுதி. இந்த மென்பொருளில் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பகுதி இதுதான். ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதில் விழும் எக்ஸெல் கோப்புகளையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். தேவையில்லாத தலைப்பு வரியை நீக்கு, காலி வரியைத் தூக்கு, இந்தப் பத்தியை இரண்டாகப் பிரி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டால் போதும், ஒவ்வொரு படியும் வலது பக்கம் வரிசையாகப் பதிவாகிவிடும். அடுத்த நாள் புதுக் கோப்பைப் போட்டு 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் அத்தனையும் தானே நடக்கும். டேலியிலிருந்து எக்ஸெல்லில் எடுக்கும் அறிக்கையில் குழுத் தலைப்புகளும் இடைத் தொகைகளும் கலந்து வருமே, அதைக் கையால் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அங்கேயும் சில இடங்களில் நின்று பார்த்துப் போக வேண்டும். முதலாவது தேதி. பில் மெஷின் 05/04/2025 என்று கொடுக்கும். நமக்கு அது ஏப்ரல் 5. கோப்பின் அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது மே 4 ஆகிவிடும். 12 தேதிக்கு மேல் உள்ளவை பிழை என்று சிவப்பாக நிற்கும். அதனால் மாதத்தின் முதல் 12 நாள் விற்பனை வருஷம் முழுக்கச் சிதறிக் கிடந்து, மீதி நாட்கள் காணாமல் போயிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். தேதிப் பத்தியின் வகையை மாற்றும்போது 'லொகேல்' வழியாகப் போய் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கோப்பைத் திறந்ததும் எந்தப் பத்தி எண், எது தேதி, எது எழுத்து என்று அதுவாகவே ஊகித்து 'சேஞ்ச்டு டைப்' என்று ஒரு படி போட்டுக்கொள்ளும். நான் அதைப் பார்த்த உடனே நீக்கிவிட்டு நானே வகை கொடுக்கிறேன். அந்தப் படி பத்திகளின் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கவுண்ட்டரில் யாராவது 'தொகை' என்ற தலைப்பை 'மொத்தத் தொகை' என்று மாற்றினால், அந்தப் பத்தியைக் காணோம் என்று ரிஃப்ரெஷ் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, பத்தியின் தலைக்கு மேல் பச்சைக் கோட்டில் எத்தனை சதவீதம் சரி, எத்தனை பிழை, எத்தனை காலி என்று காட்டும் வசதி. அருமையான வசதி. ஆனால் அது முதல் 1000 வரிகளை மட்டும் பார்த்துச் சொல்வது. எல்லாம் பச்சை என்று நம்பி மூடினால் ஆயிரத்துச் சொச்சமாவது வரியில் பிழை உட்கார்ந்திருக்கும். கீழே இடது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் வரியை அழுத்தி, முழு டேட்டாவையும் பார் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பொடி எழுத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

மூன்றாவதுதான் நம் ஆட்களுக்கென்றே வரும் சங்கடம். தமிழில் பொருள் பெயர். காரைக்குடியில் 'மனகோலம்', தேவகோட்டையில் 'மணகோலம்', மதுரையில் 'மணக்கோலம்'. இது கண்ணுக்குத் தெரிகிற வம்பு, ஒரு மாற்றுப் பட்டியல் போட்டுத் தீர்த்துவிடலாம். தெரியாத வம்பு ஒன்று இருக்கிறது. எழுத்துப் பிசகே இல்லாமல் இரண்டு 'மனகோலம்' அடுத்தடுத்து நிற்கும், மெர்ஜ் செய்தால் ஒன்று ஒட்டும், மற்றது ஒட்டாது. முன்னால் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று 'ட்ரிம்' செய்தாலும் மாறாது. நீளத்தை எண்ணச் சொல்லிப் பாருங்கள்: ஒன்று 7, மற்றொன்று 8.

'கோ' என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறையில், இரண்டு விதமாக எழுத முடியும். ஒரே குறியாக எழுதினால் எழுத்தெண் 3019. சில விசைப்பலகைகள் இரட்டைக் கொம்பை ஒரு குறியாகவும் காலை இன்னொரு குறியாகவும் அடிக்கும். அப்போது 3015, 3006 என்று இரண்டு. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பவர் கொயரி எண்ணைத்தான் ஒப்பிடும், அதனால் இரண்டும் வேறு வேறு பலகாரம். அந்த எண்களை எழுத்தாக்கும் 'கேரக்டர் ஃப்ரம் நம்பர்' என்ற சூத்திரத்தைக் கொண்டு, இரட்டையாக வருவதை ஒற்றையாக மாற்றும் ஒரு படியைச் சேர்த்தால் தீர்ந்தது. 'கொ' வரும் பெயர்களுக்கும் இதே வைத்தியம்தான். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, மூன்று மெஷினிலும் அதையே ஏற்ற வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்தோம். தேவகோட்டை கவுண்ட்டரில் இருக்கும் அக்கா குறியீட்டுப் பட்டியலை அட்டையில் ஒட்டி மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.

குறியீட்டை ஆங்கில எழுத்தில் வைக்கிறவர்கள் பெரிய எழுத்து சின்ன எழுத்து விஷயத்தில் கவனமாக இருங்கள். பவர் கொயரிக்கு இரண்டும் வேறு; உள்ளே மாடலுக்கு, அதாவது டேபிள்களுக்கு உறவு கொடுக்கும் இடத்துக்கு, போனதும் இரண்டும் ஒன்று. இங்கே 'நகல்களை நீக்கு' கொடுத்துச் சுத்தமாக அனுப்பிய பட்டியலை, அங்கே நகல் இருக்கிறது, ஒன்றுக்குப் பல உறவு போட முடியாது என்று திருப்பி அனுப்பும். முன்கூட்டியே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி அனுப்பினால் தொந்தரவு இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகும் பொருள்வாரிப் பட்டியலில் 'பிளாங்க்' என்று ஒரு வரி நின்றால் அதை வடிகட்டி மறைக்காதீர்கள். விற்பனையில் இருக்கிற ஏதோ ஒரு பொருள் உங்கள் பொருள் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அந்த வரியில் சிக்கியது கந்தரப்பம். ஆர்டருக்கு மட்டும் போடுவது என்பதால் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

டாக்ஸ் என்ற சூத்திர மொழியைப் பற்றி அதிகம் பயமுறுத்துவார்கள். கடைக்கணக்குக்குக் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் புரியாமல் நகர முடியாது. சூத்திரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தின் வடிகட்டலுக்குள் புதிதாகக் கணக்குப் போடும். மேலே உள்ள வரிகளைக் கூட்டிக் கீழே எழுதாது. ஆச்சி இதைத்தான் பிடித்தார். காரைக்குடியில் 400 பில், 2,40,000 ரூபாய், பில்லுக்குச் சராசரி 600. தேவகோட்டையில் 100 பில், 30,000 ரூபாய், சராசரி 300 என்று வைத்துக்கொள்வோம். கீழே மொத்தச் சராசரி 540 என்று காட்டும். "அறுநூறும் முந்நூறும் சேர்த்துப் பாதி நானூற்றைம்பதுதானே தம்பி?" என்றார். "இல்லை ஆச்சி, மொத்தப் பணத்தை மொத்தப் பில்லால் வகுத்திருக்கிறது. காரைக்குடியில் பில் அதிகம்" என்றேன். ஒரு நிமிஷம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப அதுதான் சரி" என்று விட்டுவிட்டார். கீழ்த்தொகை வரிகளின் கூட்டாகத்தான் வேண்டும் என்ற இடங்களில் 'சம்எக்ஸ்' கொண்டு வரிவரியாகப் போட்டுக் கூட்டச் சொல்ல வேண்டும். வகுத்தல் வரும் இடத்தில் கோட்டுக்குப் பதில் 'டிவைட்' எழுதினால், கடை மூடிய நாளில் பூஜ்யத்தால் வகுத்து அசிங்கமாக நிற்காமல் காலியாக விட்டுவிடும்.

காலக் கணக்குதான் நம் தொழிலுக்கு உண்மையான சோதனை. போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட அதில் தயார்ச் சூத்திரம் இருக்கிறது. அது ஆங்கில மாதத்தைத்தான் பார்க்கும். 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2024 அறிக்கையைத் திறந்தால் அக்டோபரில் வானத்துக்கு ஏறி, நவம்பரில் பாதாளத்தில் விழுந்த மாதிரி தெரியும். விழவில்லை, பண்டிகை இடம் மாறியது. 2025இல் அக்டோபர் 20க்கு வந்து இன்னும் முன்னால் நகர்ந்துவிட்டது. ஆகவே தேதி டேபிளை அதுவே உண்டாக்க விடாமல் நாமே கட்ட வேண்டும். நான் எக்ஸெல்லில் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்: தமிழ் மாதம், முகூர்த்த நாளா இல்லையா, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால், திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு எத்தனை நாள் முன்னால். இப்போது தீபாவளிக்கு முந்தைய பத்து நாளை எந்த வருஷத்துப் பத்து நாளோடும் ஒப்பிடலாம். ஆடியில் படுத்து ஆவணியில் எழும் வியாபாரத்தை ஆகஸ்ட் என்ற ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்றுமே விளங்காது. நிதியாண்டுத் தொகைக்கு வருஷ முடிவு மார்ச் 31 என்று சூத்திரத்தில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் டிசம்பரில் முடித்துவிடும்.

கூடவே 'ஆட்டோ டேட் டைம்' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு தேதிப் பத்திக்கும் கண்ணில் படாமல் ஒரு டேபிள் உண்டாக்கிக் கோப்பைப் பருக்க வைக்கும்.

வரி விஷயத்தில் ஒரு கண்ணி. 2025 செப்டம்பர் 22 முதல் லேபிள் ஒட்டிப் பொட்டலமாக விற்கும் நம்கீன், மிக்சர் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. எங்களுக்கு வந்த கோப்பில் வரி விகிதம் பொருள் பட்டியலில் ஒரே பத்தியாக இருந்தது. அங்கே 12ஐ 5 ஆக்கினால் ஏப்ரல் மாத பில்லுக்கும் சேர்த்து வரி குறைந்துவிடும். பில் போட்டபோது என்ன வரி விகிதமோ அது அந்த பில்லின் பொருள் வரிகளிலேயே இருக்கிறது, அதை எடுத்தால் போயிற்று. மாறக்கூடிய எதையும், விலை உட்பட, பொருள் பட்டியலிலிருந்து எடுத்துக் கணக்குப் போடாதீர்கள்.

படங்கள். இருக்கின்றன, நிறைய இருக்கின்றன. ஆயிரம், மில்லியன், பில்லியன் என்று சுருக்கிக் காட்டும். லட்சம், கோடி என்ற தேர்வு அந்தப் பட்டியலில் கிடையாது. '1.2எம்' என்று கண்டதும் ஆச்சி முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ஒரு லட்சத்தால் வகுத்த மெஷர் ஒன்றை எழுதித் தலைப்பில் 'லட்சத்தில்' என்று போட்டேன். ஸ்பீடோமீட்டர்களைத் தூக்கினேன். முதல் பக்கம் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று 'பெர்ஃபார்மன்ஸ் அனலைசர்' ஓட்டிப் பார்த்தால், படம் ஒவ்வொன்றுக்கும் சூத்திரத்துக்கு எவ்வளவு, வரைவதற்கு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் நேரம் போனது 'மற்றவை'யில், அதாவது ஒரு படம் முடிய இன்னொன்று வரிசையில் காத்திருந்ததில். சூத்திரத்தைத் தொடவே இல்லை. படங்களைக் குறைத்ததும் பக்கம் சட்டென்று திறந்தது. இப்போது இருப்பது மூன்றே: நேற்று கவுண்ட்டர்வாரி விற்பனை, அடுத்த பத்து நாள் முகூர்த்த ஆர்டர், மிச்சம் நின்ற சரக்கு. ஆச்சி பார்ப்பது மூன்றாவதை. அதை வைத்துத்தான் மறுநாள் எவ்வளவு மாவு பிசைவது என்று அடுப்படிக்குச் சொல்கிறார்.

இனி காசு. டெஸ்க்டாப்பில் கட்டுவது இலவசம். கட்டியதை இணையத்தில் ஏற்றி இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் ப்ரோ உரிமம், 2025 ஏப்ரல் முதல் தலைக்கு மாதம் 14 டாலர். ஏற்றுகிறவருக்கும் வேண்டும், பார்க்கிறவருக்கும் வேண்டும். ஜிமெயில் முகவரியில் பதிவு செய்ய முடியாது. நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வேண்டும். சின்னக் கடைகளுக்கு இந்த இடத்தில்தான் கசக்கும். நாங்கள் எனக்கும் சிங்கப்பூர்த் தம்பிக்கும் மட்டும் ப்ரோ வாங்கினோம். ஆச்சிக்கு டெஸ்க்டாப்பிலிருந்தே பிடிஎஃப் எடுத்து வாட்ஸாப்பில் போய்விடும். அதற்குச் செலவு இல்லை. உள்ளூரில் ஒரே முதலாளி, ஒரே கணக்கர் என்றால் இந்த வழியே போதும், ப்ரோ பக்கம் போகவே வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று 'பப்ளிஷ் டு வெப்' அழுத்திவிடாதீர்கள். அது இலவசம்தான், ஆனால் சுட்டி கிடைத்த யாரும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். கோப்பையே அனுப்புவதும் அதே ஆபத்து: படம் மட்டும் போகாது, உள்ளே ஏற்றிய மொத்த விற்பனை விவரமும் கூடவே போகும்.

ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 முறை தானாக ரிஃப்ரெஷ் வைக்கலாம். எங்களுக்குக் காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. கோப்புகள் கடைக் கணினியில் இருந்தால் அதற்கும் இணையத்துக்கும் பாலமாக 'கேட்வே' என்ற மென்பொருளை அதில் நிறுவ வேண்டும். அந்தக் கணினி விழித்திருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் மத்தியானம் சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிற வழக்கம். தொடர்ந்து நான்கு முறை ரிஃப்ரெஷ் தோற்றால் அட்டவணையே நின்றுவிடும், நாம் போய்த்தான் மறுபடி முடுக்க வேண்டும். அலுவலக ஒன்ட்ரைவ் சந்தா இருந்தால் கோப்புகளை அங்கே வைத்துவிடலாம், கேட்வே தேவையில்லை. நாங்கள் அங்கே மாறிய பிறகு இந்தத் தலைவலி இல்லை.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் தம்பி காலை 7 மணிக்கு ரயிலில் போகும்போது போனில் பார்ப்பார். நமக்கு அப்போது 4.30. ஒருநாள் கூப்பிட்டு, "அண்ணே, நேத்துங்கிற இடத்துல முந்தாநாள் விற்பனை நிக்குது" என்றார். நான் எட்டு மணிக்குத் திறந்தால் சரியாக இருக்கிறது. காரணம், இணையத்தில் ஏறிய அறிக்கையில் 'டுடே' என்பது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஓடும். நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகும்வரை அதற்குப் பழைய தேதிதான். டெஸ்க்டாப்பில் நம் கணினி நேரத்தை எடுப்பதால் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. 'யூடிசி நவ்' எடுத்து அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 'இன்று' என்று ஒரு மெஷர் எழுதி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தினால் இரண்டு இடத்திலும் ஒரே விடை.

2015 ஜூலையில் வெளிவந்ததிலிருந்து மாதாமாதம் இதைப் புதுப்பிக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இரண்டு வருஷம் பழைய வீடியோவைப் பார்த்துப் படித்தால் பொத்தான் வேறு இடத்தில் இருக்கும். கணினி 8 ஜிபி ரேமில் ஓடும். 16 இருந்தால் நிம்மதி. மேக் வைத்திருப்பவர்களுக்கு நேரடி வழி கிடையாது. பவர் கொயரிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், டாக்ஸுக்கு நான்கு, படங்களுக்கு மூன்று, பிறருக்குக் காட்டும் முறைக்கு இரண்டரை.

மாற்று? உலாவியிலேயே எல்லாம் முடிய வேண்டும், டேட்டா ஏற்கெனவே கூகுள் ஷீட்டில் இருக்கிறது என்றால் லுக்கர் ஸ்டுடியோ இலவசம், பகிர்வது சுலபம். ஆனால் அதில் சுத்தம் செய்யும் வசதி பவர் கொயரியின் கால்தூசிக்கு வராது. ஸோஹோ அனலிட்டிக்ஸ் நம் ஊர் நிறுவனத்தினுடையது, மேக்கிலும் உலாவி வழியாக ஓடும். டேப்லோவின் படங்கள் பவர் பிஐயைவிட அழகு, விலையும் அப்படி. பலருக்குத் தெரியாத இன்னொன்று, எக்ஸெல் 2016 முதல் பவர் கொயரி எக்ஸெல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கடை, ஒரே மெஷின் என்றால் அங்கேயே சுத்தம் செய்து பிவட் டேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கும் நான் கணக்குப் பார்க்கிறேன். பலகாரக் கடையில் பார்த்துவிட்டு அவரும் டாஷ்போர்டு கேட்டார். கண்ணாடியில் வார்த்து, நீரில் ஊற வைத்து, வெயிலில் காயவைத்து அனுப்பும் தொழில்; ஆர்டர் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். எந்த டிசைன் எத்தனை சதுர அடி, எத்தனை கல் உடைந்தது, முன்பணம் எவ்வளவு, இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.